நயினார் மூடிய கைப்பிடி

பேய் இருக்கிறது என்று நிரூபிக்க நான் இதை எழுதவில்லை. பேய் கிடையாது. கொல்லம் ஆண்டு 1118 கர்க்கடக மாதத்துக்கு, அதாவது ஆடிக்கு, முன்னாலும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் சாலைக் கடைத்தெருவுக்கு அப்பால், கிள்ளியாற்றங்கரையில் இருந்த அரிசி மில்லில் பட்டப்பகலில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். என்னோடு அந்த மில்லே பார்த்தது. பொய் என்று யாருக்காவது தோன்றினால் ஸ்ரீவராகத்துக்கு வந்து என் முகத்துக்கு நேரே சொல்லலாம். கிரீஸ் பஞ்சாபகேசன் வீடு எது என்று கேட்டால் தெருவில் யாரும் காட்டுவார்கள்.

கிரீஸ் என்ற பட்டம் எங்கள் அக்ரஹாரம் கொடுத்தது. அப்பாவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் வேலை. அண்ணா கச்சேரியில் குமாஸ்தா. நான் மட்டும் தூத்துக்குடிக்குப் போய் எஞ்சின் வேலை கற்றுக்கொண்டு, நகக்கண்ணில் கறுப்போடு திரும்பி வந்தேன். கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காரத் தயங்குவார்கள். தயங்கட்டும் என்று நான் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

யுத்த காலம். பர்மா அரிசி நின்றுபோய் ஊரே நெல்லுக்குப் பறந்துகொண்டிருந்தது. அந்த மில்லின் முதலாளி அழகியநம்பி பிள்ளை ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். எஞ்சின் திக்கித் திக்கி ஓடுகிறது, ரேஷன் நெல் குவிந்து கிடக்கிறது என்றார். எனக்கு முன்னால் யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தார்கள், ஒரு நாளுக்கு மேல் தங்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார்.

மீதியை எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற கோலப்பன் சொன்னான். ஆனி மாதத்தில் எஞ்சின் டிரைவர் நயினார் செத்துப்போயிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்காக நிறுத்திய எஞ்சின். மறுபடி கிளப்புவதற்கு முன்னால் சக்கரத்தை ஏற்ற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்காகத் தனியாகத் தள்ளியிருக்கிறார். ஓடக்கூடாத எஞ்சின் வெடித்து எடுத்தது. சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் நின்ற மனுஷனை ஆரக்கால் அடித்துவிட்டது. போலீஸ் வந்து பார்த்தபோது எஞ்சினுக்குள் எண்ணெயை விடுகிற கைப்பிடி திறந்திருந்தது. நிறுத்தினபிறகு எதற்கோ திறந்தவன் மூட மறந்துவிட்டுச் சக்கரத்தைத் தள்ளினான், அவன் தப்பு என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

"அன்னையிலேர்ந்து இப்பிடித்தான் சாமி. அவருதான் எஞ்சினுப் பக்கத்துல நிக்காரு," என்றான் கோலப்பன்.

"நின்னா நிக்கட்டும். ஸ்பானர் எடுத்துக் குடுப்பாரான்னு கேளு," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் எஞ்சின் சரியாகாவிட்டால் நெய்யாற்றின்கரையிலிருந்து மந்திரவாதி வந்து பூஜை செய்வதாக ஏற்பாடு. அந்தப் பூஜையில் ஒரு கட்டம் இருந்தது. செத்தவனின் பெண்சாதி சக்கரத்துக்கு முன்னால் நின்று, "தப்பு உம்மேலதான், ஒத்துக்கிட்டுப் போயிரும்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டுமாம். அப்போதுதான் ஆவி இடத்தை விடுமாம்.

அந்தப் பெண்சாதியின் பெயர் உலகம்மை. அதே மில்லில் அரிசி புடைக்கிறவள். மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் ஒரு அறையில் இருந்தாள். நான் சொல்ல மாட்டேன் என்று முகத்துக்கு நேரே முதலாளியிடம் சொல்லிவிட்டாள். சொல்லாவிட்டால் சனிக்கிழமை அறையைக் காலி செய்துவிட்டு வேறு இடத்தில் வேலை தேடிக்கொள் என்று அவரும் சொல்லிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எஞ்சின் திக்குவதற்கும் ஒரு பெண்பிள்ளை தன் புருஷனைக் குற்றவாளி என்று சொல்வதற்கும் என்ன சம்பந்தம்? நான் வந்தாயிற்று, பூஜை நடக்காது என்று கோலப்பனிடம் சொன்னேன். எஞ்சினுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

அது படுத்த வாக்கில் கிடக்கிற ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். பக்கத்தில் ஆள் உயரச் சக்கரம். பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும், இதற்கு வேண்டாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா, விஷயம் அவ்வளவுதான். பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. அழுத்த அழுத்தக் காற்று கொதிக்கிறது. சரியாக அந்தச் சமயம் பார்த்து நாசில் எண்ணெயைப் பொடித் தூறலாக உள்ளே அடிக்க வேண்டும். எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். காற்று ஒழுகினால் சூடு வராது. தூறலுக்குப் பதில் சொட்டாக விழுந்தால் ஒழுங்காகப் பற்றாது. ரொம்ப நியாயமான மிஷின். காரணம் இல்லாமல் திக்காது.

புதன்கிழமை காலையில் ஓடவிட்டுக் கேட்டேன். தடக்... தடக்... தடக்... அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு வெடிப்பை விட்டுவிட்டது. அடுத்தது 'தடும்' என்று விழுந்து கூரைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. புகைக்குழாயில் முதலில் வெள்ளைப் புகை, பிறகு கரியாகக் கறுப்புப் புகை. உள்ளே பற்றாமல் தங்கின எண்ணெய் அடுத்த முறை சேர்ந்து வெடிக்கிறது. பேய் வேலை இல்லை, நாசில் வேலை.

வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். சுவரில் உயரத்தில் இருந்த எண்ணெய்த் தொட்டியின் அடியைத் திறந்துவிட்டேன், தண்ணீர் இல்லை. குழாயின் நட்டைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை எண்ணெயை ஓடவிட்டேன், மாட்டியிருந்த காற்று போயிற்று. எண்ணெயை விரலில் தேய்த்து மோந்தபோதுதான் தெரிந்தது. டீசலில் பாதிக்குப் பாதி புன்னைக்காய் எண்ணெய். விளக்கெரிக்கிற சாமானை எஞ்சினுக்கு ஊற்றியிருக்கிறார்கள். டீசல் கிடைக்கவில்லை என்று முதலாளிதான் கலக்கச் சொன்னாராம். நயினார் அதற்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறார்.

நாசிலைக் கழற்றினேன். உள்ளே ஊசி பிசின் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சுரண்டி, தேய்த்து மாட்டினேன். குழாயில் காற்று போகவேண்டும் என்று எண்ணெய்க் கைப்பிடியைத் திறந்து வைத்தேன். அப்போது தண்டவாளத் துண்டில் மத்தியான மணி அடித்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். மில் அடங்கியது. நான் எஞ்சின் அறையிலேயே உட்கார்ந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். எலுமிச்சம்பழ சாதம்.

முதல் கவளத்தை எடுத்தேன்.

'க்ளிக்.'

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. கைப்பிடி மூடியிருந்தது.

நான்தான் மூடியிருப்பேன், மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். சாதத்தைச் சாப்பிட்டு முடித்தேன். மத்தியானம் எஞ்சின் பூ மாதிரி ஓடியது. ஒரு வெடிப்புக்கூட விடவில்லை. முதலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரை ஓடினால்தான் நம்புவேன் என்றார்.

சாயங்காலம் மறுபடி திக்கியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கைப்பிடி ஒரு பல் கீழே இறங்கியிருந்தது. அதிர்வில் இறங்கியிருக்கும் என்று மேலே ஏற்றினேன். ஏற்றும்போதுதான் உறுத்தியது. அந்தக் கைப்பிடி பற்களில் நகர்கிறது, மேலே போனால் திறக்கும், கீழே வந்தால் மூடும். ஒவ்வொரு பல்லிலும் ஒரு ஸ்பிரிங் கொண்டி விழுந்து பிடித்துக்கொள்ளும். கையால் பிடியை இறுக்கி அமுக்கினால்தான் கொண்டி விடும், கைப்பிடி நகரும். அதிர்வில் நகராது. சம்மட்டியால் அடித்துப் பார்த்தேன்... நகரவில்லை.

அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத்தான் தூங்கினேன். பயந்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

வியாழக்கிழமை காலையில் கைப்பிடியைத் திறந்த நிலையில் வைத்துச் செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். முறுக்கி, முனையை மடக்கி, அதற்கு மேல் இன்னொரு சுற்று. இனி எவனும் நகர்த்த முடியாது என்று கோலப்பனிடம் சொன்னேன். அவன் எஞ்சின் அறை வாசலைத் தாண்டி உள்ளே வருவதையே விட்டுவிட்டான். அங்கிருந்தே எண்ணெய்க் குப்பியை நீட்டினான்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் தானாக அடங்கியது. திக்கவில்லை, முனகவில்லை. யாரோ பொறுப்பாக நிறுத்தியதுபோல் நின்றது.

கைப்பிடி மூடியிருந்தது. அதில் கம்பி இல்லை.

அறுந்து கிடக்கிறதா என்று தரையில் தேடினேன். இல்லை. தொட்டிக்கு அடியில் சுவரில் ஒரு ஆணி உண்டு. கம்பி அதில் தொங்கியது. முறுக்கெல்லாம் நீவப்பட்டு, அழகாக வளையமாகச் சுற்றி, முனையை உள்ளே செருகி மாட்டியிருந்தது.

கோலப்பன் வாசலில் நின்றபடி அதைப் பார்த்தான். "அப்பிடி அவருதான் சுத்தி மாட்டுவாரு," என்றான். அப்புறம் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மணி அடித்தது. மில் காலியானது. வெளியே கர்க்கடக மழை பிடித்துக்கொண்டது. எஞ்சின் அறையில் நானும் சூடான இரும்பும் மட்டும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அது உண்மை. என் வேலையை எவனோ கெடுக்கிறான். உயிரோடு இருக்கிறவனோ இல்லாதவனோ, நான் ரிப்பேர் பார்க்கிற எஞ்சினை நிறுத்த எனக்குத்தான் அதிகாரம். கைப்பிடியைப் பிடித்து முழுக்கத் திறந்தேன். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பொட்டலத்தைப் பிரித்தேன். கண்ணை எடுக்கவில்லை.

மழைச் சத்தம்.

சாதத்தில் கை வைத்தேன்.

பிடி அமுங்கியது. என் கண் முன்னால். யாரோ விரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்ததுபோல... மெதுவாக அமுங்கியது.

'க்ளிக்... க்ளிக்... க்ளிக்...'

கீழே வந்து மூடிக்கொண்டது.

எழுந்து போய்த் திறந்தேன். பிடி சூடாக இருந்தது. எஞ்சினின் சூடு இல்லை... வேறு சூடு. இப்போதுதான் ஒரு கை விட்டதுபோல.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். இலையைத் தொட்டேன்.

'க்ளிக்... க்ளிக்... க்ளிக்...'

"ஓய் நயினார்," என்று கத்தினேன். "நேக்கு உம்மைக் கண்டு பயமில்லை. என்ன வேணும்னு சொல்லும்."

மழை நின்றது. பக்கத்தில், மிக அருகில்... கல்தரையில் ஈரக்கால் ஒன்று நகர்ந்து போன சத்தம்.

சுவரோரமாக. சக்கரத்தை நோக்கி.

தரையைப் பார்த்தேன்.

காய்ந்திருந்தது.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. நான் இலையை மடித்துவிட்டு, விறைப்பாக நடந்து, பின்னால் லைன் வீட்டுக்குப் போனேன். உலகம்மை அறை வாசலில் நின்று பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சட்டி பானையெல்லாம் ஏற்கெனவே சாக்கில் கட்டியாகிவிட்டது. சனிக்கிழமைக்கு அவள் தயாராக இருந்தாள்.

மூன்று தடவை சொல்லிவிட்டு இருந்துவிடலாமே, அதில் என்ன போகிறது என்று அவள் வாயைக் கிளறினேன். உண்மையில் நான் கேட்க வந்தது வேறு. அவள் பாயைக் கீழே வைத்தாள்.

"சாமி, அவரு சோத்துல கை வைக்கதுக்கு முன்ன எந்திரிச்சுப் போயி எண்ணெய மூடியிருக்கான்னு பாத்துட்டு வருவாரு. மூடிட்டு வந்தாலும் இன்னொருக்கப் போயிப் பாப்பாரு. சோறு ஆறிப்போவும்னு நான் சண்டை போட்டிருக்கேன். வீட்டுல வெளக்கக்கூட அப்பிடித்தான் பாப்பாரு. அவரு மறந்துட்டாருன்னு ஊரு சொல்லட்டும். எம் வாயால சொல்ல மாட்டேன்," என்றாள்.

இரண்டு நாளாகக் கைப்பிடி நகர்கிறது. ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. மூடிக்கொண்டேதான் இருக்கிறது.

நேராக எஞ்சினுக்கு வந்தேன். நயினார் கைப்பிடியை மூடியிருந்தால் எஞ்சின் எப்படி வெடித்தது? அதைக் கண்டுபிடித்தால் போதும், இந்தக் கைப்பிடி விளையாட்டு எப்படியோ போகட்டும். நாசிலைக் கழற்றி, குழாயோடு வெளியே தொங்கவிட்டேன். கைப்பிடி மூடியேதான் இருந்தது. நேற்றுத்தான் சுத்தம் செய்த ஊசி. ஒரே நாளில் மறுபடி புன்னை எண்ணெய்ப் பிசின் ஏறித் திறந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. பம்ப்பில் இருக்கிற வால்வும் அதே பிசினால் சரியாக உட்காரவில்லை.

நாசில் முனையில் ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. இன்னொன்று திரண்டது.

மேலே தொட்டி. கீழே நாசில். கைப்பிடி மூடியிருந்தாலும் எண்ணெய் தானாக இறங்குகிறது. ஒரு சாப்பாட்டு நேரம் போதும், சூடான சிலிண்டருக்குள் குட்டையாகத் தேங்கிவிடும். அப்போது யாராவது சக்கரத்தைத் தள்ளினால், உள்ளே காற்று அழுந்திச் சூடாகும். தீப்பொறி வேண்டாம், கைப்பிடி வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

அந்த மனுஷன் மூடித்தான் வைத்திருந்தார். புன்னை எண்ணெய் வேண்டாம் என்று சண்டையும் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு வெட்கமில்லை. நாசிலைச் சுத்தம் செய்யாமல் அப்படியே திரும்ப மாட்டினேன். ரிப்பேர் பார்க்க வந்தவன் ரிப்பேரை வேண்டுமென்றே விட்டுவைத்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். மந்திரவாதி முன்கூட்டியே வந்து, குருத்தோலையைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். எஞ்சினைக் காலையெல்லாம் ஓடவிட்டு, மணி அடித்ததும் நிறுத்தினேன். சாப்பாட்டு நேரம் முடிகிறவரை காத்திருந்தேன். பிறகு முதலாளியிடம் போய், பூஜைக்கு முன்னால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு விஷயம் காட்டுகிறேன் என்றேன். அவருக்கு இஷ்டமில்லை. ஆனால் புடைக்கிற பெண்கள் அதற்குள் எஞ்சின் அறை வாசலில் கூடிவிட்டார்கள். முன்னால் உலகம்மை நின்றாள்.

முதலாளியையே கூப்பிட்டுக் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மூடியிருக்கிறது என்று அவர் வாயாலேயே சொன்னார். நயினார் செய்ததை இப்போது நாங்கள் செய்யப்போகிறோம், ஆனால் தூரத்திலிருந்து என்றேன். சக்கரத்தின் விளிம்பில் வடத்தைச் சுற்றி, மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் கையில் கொடுத்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சிலிண்டரின் தலையில் ஒரு வால்வு உண்டு. அதைத் தூக்கிக் கொக்கியில் நிறுத்தினால் காற்று வெளியே போய்விடும், சக்கரம் லேசாகச் சுழலும். வேகம் வந்ததும் கொக்கியைத் தட்டிவிட வேண்டும். வால்வு மூடினால்தான் உள்ளே காற்று அழுந்தும். சக்கரத்தை அதன் இடத்தில் நிறுத்துவதற்காக நயினாரும் அதைத்தான் தட்டியிருக்கிறார். இப்போது யாரும் அந்தச் சுவர்ப் பக்கம் நிற்கக்கூடாது. அதனால் கொக்கியில் ஒரு சணல் கயிறு கட்டி, வாசல் வரை இழுத்து, நான் சொல்லும்போது சுண்டி இழு என்று கோலப்பனிடம் சொல்லியிருந்தேன்.

நானும் வடத்தைப் பிடித்தேன். இழுத்தோம். சக்கரம் அசைந்தது. வேகம் பிடித்தது. ஹுஸ்... ஹுஸ்... என்று காற்று வெளியே போனது.

"விடு," என்று கத்தினேன்.

'டக்' என்று கொக்கி விழுந்தது.

ஹுஸ் நின்றது.

'தடும்.'

வடம் எங்கள் கையைப் பொசுக்கிக்கொண்டு பறந்தது. சக்கரம் வெறிபிடித்துச் சுழன்றது. சுவர்ப் பக்கத்து ஆரக்கால்கள் காற்றைக் கிழித்தன. பெண்கள் அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள். உலகம்மை மட்டும் அசையவில்லை. அவள் சக்கரத்தைப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சக்கரம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. கறுப்புப் புகை அறையில் நின்றது. பார்த்தீர்களா, மூடித்தான் இருக்கிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

'க்ளிக்.'

எல்லோரும் பார்த்தார்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

பிடி அமுங்கியது. இந்தத் தடவை கைப்பிடி கீழே போகவில்லை.

மேலே போனது.

'க்ளிக்... க்ளிக்...'

திருட்டுத்தனமாக, சத்தம் வந்துவிடக்கூடாது என்பதுபோல, ஒவ்வொரு பல்லாக... முழுக்கத் திறந்து நின்றது.

முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் வலது உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

உலகம்மை அவருக்கு எதிரே போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"மொதலாளி, சக்கரத்துக்கு முன்ன நின்னு மூணுவட்டம் சொல்லணும்னு சொன்னீங்கல்லா. இப்ப நீங்க சொல்லுங்க," என்றாள்.

அவர் வாசலைப் பார்த்தார். வாசலில் மில் முழுவதும் நின்றது. யாரும் வழி விடவில்லை. நான் நடுவில் நின்றேன், நானும் விடவில்லை.

கடைசியில் சொன்னார். நயினார் மூடித்தான் வைத்திருந்தான். போலீஸ் வருவதற்கு முன்னால் நான்தான் திறந்து வைத்தேன். எஞ்சின் பழுது, கலப்பு எண்ணெய் என்று தெரிந்தால் மில்லைப் பூட்டிவிடுவார்கள் என்று பயந்தேன். முதல் தடவை முணுமுணுத்தார். காதில் விழவில்லை என்று உலகம்மை சொன்னாள். இரண்டாவது தடவை அழுதார். மூன்றாவது தடவை எல்லோருக்கும் கேட்டது.

'க்ளிக்... க்ளிக்... க்ளிக்.'

கைப்பிடி கீழே வந்து மூடிக்கொண்டது.

மந்திரவாதி கட்டின தோரணத்தைத் தானே அவிழ்த்துச் சுருட்டினான். "இவிடே எனிக்குப் பணி இல்ல," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். இத்தனை நாளில் அந்த மில்லில் நான் கேட்ட யோக்கியமான பேச்சு அதுதான்.

உலகம்மை சாக்கை அவிழ்த்துச் சட்டி பானையை மறுபடி அடுக்கினாள். முதலாளி அடுத்த திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானே நடந்து போய், எழுதினதை மாற்றி எழுதவைத்தார். அவள் கூடவே போய் நின்றாளாம்.

நான் சனிக்கிழமை போய் நாசிலையும் பம்ப்பையும் முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்தேன். புன்னை எண்ணெய்க்கு முழுக்குப் போட்டாயிற்று. எஞ்சின் ஒரு வெடிப்புக்கூட விடாமல் ஓடியது. கைப்பிடி அதற்குப் பிறகு தானாக நகரவே இல்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அன்று கிளம்பும்போது கோலப்பனின் முதுகில் தட்டி, நேற்று சரியான சமயத்தில் கயிற்றைச் சுண்டினாய், ஒரு நொடி தவறியிருந்தால் எஞ்சின் வெடித்திருக்காது, எல்லாம் வீணாகியிருக்கும் என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"நான் எங்க சாமி சுண்டினேன்? சுமட்டுக்காரன் ஒருத்தன் பயந்து ஓடிட்டான்லா. நான் கயித்தப் போட்டுட்டு வடத்துல வந்து பிடிச்சேன். ஒமக்குப் பின்னாலதான் நின்னேன். நீருதான் வேற என்னமோ பண்ணி விட்டீருன்னுல்லா நெனச்சேன்," என்றான்.

இரண்டு பேரும் எஞ்சின் அறைக்குப் போனோம். வாசல் ஓரத்தில் ஆணியில் அந்தச் சணல் கயிறு தொங்கியது. அழகாக வளையமாகச் சுற்றி, முனையை உள்ளே செருகி.

அந்தக் கொக்கி தானாக விழாது. கயிற்றால் இழுக்காவிட்டால், ஸ்பிரிங்கை எதிர்த்து ஒருவன் கையால் தட்ட வேண்டும். கையால் தட்டுகிறவன் நிற்பதற்கு அங்கே ஒரே ஒரு இடம்தான் உண்டு. சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில். அதே இடத்தில்.

நான் "விடு" என்று கத்தியது யாருக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டவன் ஆனி மாதம் என்ன நடந்தது என்று தெரிந்தே, மறுபடி அங்கே போய் நின்று தட்டியிருக்கிறான்.

பேய் கிடையாது. அதில் மாற்றமில்லை. ஆனால் இன்றுவரை எந்த எஞ்சினைக் கிளப்பினாலும், கொக்கியைத் தட்டுவதற்கு முன்னால் சுவர்ப் பக்கம் திரும்பி, "நயினார், தள்ளி நில்லும்" என்று சொல்லிவிட்டுத்தான் தட்டுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.